வேலியில் உண்டு, காட்டில் இல்லை: கொலம்பியாவில் பத்து நாள்

முதல் நாள், போகோட்டா

நான் வந்து சேர்ந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. கம்பளிச் சட்டை, மாத்திரைகள், கயலுக்காக அரைத்துக் கொண்டுவந்த இட்லிப் பொடி எல்லாம் நடுவழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மகளின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். கை முழங்கை வரைதான் வருகிறது.

போகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கொடைக்கானல்காரிக்கு மலை என்ன புதிதா என்ற திமிரோடு இறங்கினேன். கொடைக்கானல் 2,100தான். மீதி 500 மீட்டரைக் கயல் வீட்டு மூன்றாம் மாடிப் படிக்கட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அவள் மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறாள். "வாம்மா, வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முப்பது வருடம் உயிரியல் பாடம் எடுத்து ஓய்வும் பெற்றாகிவிட்டது, இனி சாக்குச் சொல்ல வழியில்லை. ஆனால் மகளைப் பார்க்க மட்டும் நான் வரவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

எங்கள் வீட்டுப் பின்புறம், ஓடையை ஒட்டி, செடியால் ஆன ஒரு வேலி உண்டு. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, ஒரு சாணுக்கும் கூடுதலான நீளத்தில் வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். மணியைப் பிடித்து நீட்டி இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு மணிப்பூ என்று பெயர். "தொட்டுட்டுக் கண்ணைக் கசக்கினே, கண்ணு போயிரும்" என்பாள் அம்மாச்சி. ஆடு மாடு வாய் வைக்காது, அதனால்தான் வேலிக்கு வைத்தது. ஆடாதொடையைப் போல இதையும் ஆடு தொடாது. புத்தகப் பெயர் புரூக்மான்சியா. ஊமத்தையின் நெருங்கிய உறவு. தென்னமெரிக்க மலைக்காடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போனது என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஓர் ஆசை வரும். அந்தக் காட்டுக்கே போய், யாரும் நடாமல் தானாக முளைத்து நிற்கும் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்.

சாயங்காலம் கயல் ஜன்னலைத் திறந்து, "உன் ஆள் அங்கே நிக்கறார் பாரு" என்றாள். எதிரில் இருந்த சின்னப் பூங்காவில், குப்பைத் தொட்டிக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே, அதே செடி. பத்தாயிரம் மைல் வந்து எங்கள் வீட்டு வேலியைப் பார்த்த மாதிரி இருந்தது.

கீழ்வீட்டு அம்மாள் நான் பூங்காவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, கயலிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். இங்கே இதற்குப் பெயர் பொர்ராச்செரோ. குடிவெறி ஏற்றுவது என்று பொருள். இதில் இருக்கும் ஸ்கோபொலமின் என்ற நஞ்சைப் பானத்தில் கலந்து கொடுத்து, ஆளை மயக்கித் திருடுகிற கும்பல்கள் இந்த ஊரில் உண்டு. வெளியே யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றாராம். சொல்லிவிட்டு அவரே ஒரு கோப்பை நீட்டினார். வெல்லத்தைக் கொதிக்க வைத்த தண்ணீர். சுக்கும் ஏலக்காயும் இல்லாத பானகம். குடித்தேன்.

இரண்டாம் நாள்

காலையில் தாவரவியல் பூங்கா. 1955இல் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டுச் செடிகளை ஓவியமாகவே பதிவு செய்ய வைத்த ஹோசே செலஸ்தீனோ மூத்திஸ் என்ற பாதிரியாரின் பெயர் அதற்கு.

இங்கே நான் மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்தேன், கேட்டது கயல் ஒருத்திதான். ஊமத்தைப் பூ வானத்தைப் பார்க்கும், இது மண்ணைப் பார்க்கும். ஊமத்தை சில மாதங்களில் முடிந்துவிடும் செடி, இதுவோ தண்டு முற்றிக் குறுமரமாகிப் பல வருடம் நிற்கும். ஊமத்தங்காயில் முள் இருக்கும், காய்ந்ததும் வெடித்து விதையைக் கொட்டும். இதன் காயில் முள் கிடையாது, வெடிக்கவும் வெடிக்காது. தொங்கியபடியே காய்ந்து கருகும். லின்னேயஸ் 1753இல் இதையும் ஊமத்தைக் கூட்டத்திலேயே சேர்த்துவிட்டார். 1805இல் பெர்சூன் தனியாகப் பிரித்து, புரூக்மான்ஸ் என்ற டச்சுக்காரரின் பெயரை வைத்தார். அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல், இது ஊமத்தையா இல்லையா என்று ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் விஷயத்தில் ஒன்று தோன்றியது. ஊமத்தைக்கு நம் பழைய பெயர் மத்தம், உன்மத்தம். பித்து என்று பொருள். சிவன் தலையில் அது உண்டு. இங்கே அதன் உறவுக்காரிக்குக் குடிவெறிச் செடி என்று பெயர். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள்.

மொத்தம் ஏழு இனங்கள். எங்கள் மலையில் அதிகம் நிற்பது பிரேசிலின் தென்கிழக்குக் கடலோரக் காட்டிலிருந்து வந்த இனம் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே படித்துவிட்டேன். ஆண்டிஸ் மலைக்கு அது மாமன் மகள் முறை. இருக்கட்டும். ஆண்டிஸுக்கே சொந்தமான சிவப்பு வகை இந்தப் பூங்காவில் இருந்தது. அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், வாயருகே ரத்தச் சிவப்பு. மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை.

அங்கே வேலை பார்க்கும் ஓர் இளைஞரிடம், இதைக் காட்டில் பார்க்க எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கயல் மூலம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுக் கயல் என் முகத்தைப் பார்த்தாள். உடனே மொழிபெயர்க்கவில்லை.

"காட்டுல கிடையாதாம்மா."

"இந்தக் காட்டுலயா?"

"எந்தக் காட்டுலயும்."

ஏழு இனங்களையுமே 'இயற்கையில் அற்றுப்போனவை' என்ற வரிசையில்தான் உலகச் சிவப்புப் பட்டியல் வைத்திருக்கிறதாம். இலங்கையிலும் நீலகிரியிலும் ஆப்பிரிக்காவிலும் வேலியாக நிற்கிறது, கலிபோர்னியாவில் தொட்டியில் வளர்க்கிறார்கள். ஆனால் பிறந்த காட்டில், மனிதத் துணையில்லாமல் இனம் பெருக்கி வாழும் கூட்டம் ஒன்றுகூட இல்லை. முப்பது வருடம் பாடம் நடத்தியவளுக்கு இது தெரியாமல் போயிற்று.

ராத்திரி எட்டு மணிக்கு எதிர்ப் பூங்காவின் வெள்ளைப் பூ மணக்க ஆரம்பித்தது. மூன்றாம் மாடி வரை வந்தது. பகலில் ஒன்றுமே இல்லாமல் இருந்த பூ. இரவில் வரும் பெரிய அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. எனக்குத் தூக்கம் வரவில்லை. நேர மாற்றத்தால் என்று கயலிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள், லா கலேரா

பெட்டி வந்தது. இட்லிப் பொடி டப்பாவை யாரோ திறந்து பார்த்து மூடியிருக்கிறார்கள்.

நகரத்துக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் லா கலேரா. அங்கே ஒரு தோட்டம், ஹம்மிங் பறவைகள் வருவதற்காகவே செடி வைத்து வளர்த்தது. நம் ஊர்த் தேன்சிட்டு பூவின் காம்பில் உட்கார்ந்து குடிக்கும். இவை காற்றில் ஓர் இடத்தில் நின்றபடி குடிக்கும். கண்ணுக்கு இறக்கை தெரியாது, மங்கலாக ஒரு விசிறி மட்டும்தான்.

நான் காத்திருந்தது வாள்மூக்கனுக்காக. ஊர்ப்பெயரும் அதுதான், பீக்கோ எஸ்பாதா. உடம்பை விட அலகு நீளமான பறவை உலகத்தில் இது ஒன்றுதான், வாலைக் கணக்கில் சேர்க்காவிட்டால். அலகு பத்து சென்டிமீட்டருக்குப் போகும். கிளையில் உட்காரும்போது அந்தப் பாரத்தைச் சமாளிக்க அலகை வானத்தை நோக்கிச் சரித்து வைத்துக்கொள்கிறது. மற்ற பறவைகள் அலகால் இறகு கோதும். இதற்கு அலகு எட்டாது, காலால்தான் சொறிந்துகொள்ளும்.

பதினொரு மணிக்கு வந்தது. சிவப்புப் பூவின் நேர் கீழே நின்று, தலையை அண்ணாந்து, அலகு முழுவதையும் உள்ளே செருகியது. முகம் பூவுக்குள் போய்விட்டது. இரண்டு விநாடி இருக்கும். வெளியே வந்தபோது நெற்றியில் மகரந்தம். வாசனை ஏன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைப் பூ இருட்டில் அந்துப்பூச்சியைக் கூப்பிட வேண்டும், அதற்கு மணம் வேண்டும். சிவப்புப் பூ பகலில் பறவையைக் கூப்பிடுகிறது, அதற்கு நிறம் போதும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக எத்தனை முறை படித்திருக்கிறேன்! நேரில் பார்த்தபோது கைதட்டிவிட்டேன். பறவை பறந்துவிட்டது. பக்கத்தில் கேமராவோடு ஒரு மணி நேரமாகக் காத்திருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்கக் கயல் தேவைப்படவில்லை.

பிறகு இன்னொரு சின்னப் பறவையும் வந்தது. கொக்கி போல வளைந்த அலகு. அது பூவின் வாய்ப் பக்கமே போகவில்லை. பின்னால் உட்கார்ந்து, குழாயின் அடியில் ஓட்டை போட்டு, தேனை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போயிற்று. மகரந்தம் சுமக்கிற வேலை இல்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் பின்வாசல் வழியாகப் போகிறவர் இல்லாத கல்யாணம் ஏது.

நான்காம் நாள், சோகமோசோ

பஸ்ஸில் பாதி நாள் போயிற்று. உருளைக்கிழங்கு வயல், பால்மாடு, கம்பளிப் போர்வையை நடுவில் கிழித்துத் தலையில் மாட்டிக்கொண்ட மாதிரி ருவானா அணிந்த கிழவர்கள். பூம்பாறைக்குப் பக்கத்தில் எங்கோ போகிற மாதிரிதான் இருந்தது.

ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இது முய்ஸ்கா மக்களின் சூரியன் கோயில் இருந்த ஊர். 1537இல் கொள்ளையடிக்க உள்ளே புகுந்த சிப்பாய்கள் இருவரின் தீப்பந்தத்தால் கோயில் எரிந்துபோயிற்று. மரமும் கூரையும் ஆன கட்டடம், எவ்வளவு நேரம் தாங்கும். இப்போது தொல்லியல் அருங்காட்சியக வளாகத்தில் கூம்புக் கூரையோடு ஒரு மாதிரிக் கோயில் கட்டியிருக்கிறார்கள். 1801இல் இந்த நாட்டில் சுற்றிய ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், சிவப்புப் பூவின் செடியைச் சோகமோசோக் கோயிலோடு தொடர்புபடுத்திக் குறித்திருக்கிறார். பூசாரிகள் அதிலிருந்து எடுத்த சாற்றுக்குத் தோங்கா என்று பெயர். சிவன் தலையில் ஊமத்தை ஏறிய கதைக்கும் இதற்கும் உறவில்லைதான். இருந்தாலும் மாதிரிக் கோயிலின் இருட்டுக்குள் நின்றபோது கை தன்னால் குவிந்தது.

தங்கிய விடுதியின் சுற்றுச்சுவரை ஒட்டி சிவப்பு வகை வரிசையாக நின்றது. காய் ஏதாவது இருக்கிறதா என்று கிளையை வளைத்துப் பார்த்தேன். ஒரு பூவை நீளவாட்டில் பிளந்து உள்ளே மகரந்தத் தாள்களைக் கயலுக்குக் காட்டினேன். பழக்கதோஷம். கையைத் துடைத்துக்கொண்டேன், கழுவவில்லை. அம்மாச்சி சொன்னதை அறுபது வயதில் மறந்த ஒரே பேத்தி நான்தான்.

ஐந்தாம் நாள்

காலையில் கண்ணாடியில் பார்த்தால் வலது கண்ணின் பாவை, கருவிழியையே விழுங்கிவிட்ட மாதிரி அகலமாக இருக்கிறது. இடது கண் வழக்கம்போல. வெளிச்சம் பட்டால் கூசுகிறது. கைப்பேசி எழுத்து ஒரு கண்ணுக்கு மட்டும் மங்கல். பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட்டேன். கயலை எழுப்பாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எந்த வங்கி லாக்கரில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதினேன். எழுத முடிந்தது, அதுவே கொஞ்சம் தைரியம் தந்தது.

அருகிலிருந்த மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர். டார்ச்சை அடித்துப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"பொர்ராச்செரோவைத் தொட்டீர்களா?"

கயல் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு இங்கே இது அவ்வப்போது நடப்பதாம். செடியின் சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் போதும். அதில் ஸ்கோபொலமினோடு அட்ரோபினும் உண்டு. மதுரையில் கண்புரை பார்க்கப் போனபோது பாவை விரிய விட்டார்களே சொட்டு மருந்து, அதே சங்கதி, அளவு தெரியாமல். ஓரிரு நாளில் தானாகச் சரியாகும் என்று சொல்லி, கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார். இதே ஸ்கோபொலமினைத்தான் பயண வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையாகவும் விற்கிறார்கள் என்று பஸ்ஸில் கயலுக்கு விளக்கத் தொடங்கினேன். "போதும்மா" என்றாள்.

மதியம் தோத்தா ஏரி, 3,000 மீட்டரில். கொலம்பியாவின் மிகப் பெரிய ஏரி. கரை முழுக்க வெங்காயத்தாள் பயிர், காற்றே வெங்காயம். எனக்கு ஒரு கண்ணில் மட்டும்தான் ஏரி தெளிவாகத் தெரிந்தது. அழகான ஏரி என்று அந்தக் கண் சொல்கிறது.

ஆறாம் நாள், வானத்தில்

தெற்கே பாஸ்தோவுக்கு விமானம். அந்த விமான நிலையம் மலை மேல் மேசை போட்ட மாதிரி ஒரு திட்டில் இருக்கிறது, மேகம் மூடினால் இறங்க முடியாது. போகோட்டாவிலேயே நான்கு மணி நேரம் காக்க வைத்தார்கள். ஆஹியாக்கோ என்ற சூப் சாப்பிட்டேன். மூன்று வகை உருளைக்கிழங்கு, சோளக் கதிர், கோழி, கூடவே குவாஸ்காஸ் என்று ஒரு கீரை. இலையைத் தட்டில் விரித்துப் பார்த்தால், எங்கள் தோட்டத்தில் நான் வாரா வாரம் பிடுங்கி எறிகிற களை! இத்தனை வருடமாக என்னவோ பெரிய குற்றம் செய்த மாதிரி ஆகிவிட்டது. கண் சரியாகிவிட்டது.

ஏழாம் நாள், சிபுந்தோய்

இந்த நாளுக்காகத்தான் இவ்வளவும்.

பாஸ்தோவிலிருந்து கொச்சா ஏரியைக் கடந்து, குளிர் கொட்டும் ஒரு கணவாயில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலை, நடுவில் தட்டையான பச்சைத் தரை. உயரம் 2,100 மீட்டர் அளவில், கொடைக்கானலேதான். மூச்சு தானாகச் சமமாயிற்று. சந்தையில் மரத்தக்காளி குவித்திருந்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் இருப்பதும் இந்த மலைகளிலிருந்து வந்ததுதான்.

இங்கே காமென்ட்சா, இங்கா என்று இரண்டு பழங்குடி மக்கள். காமென்ட்சா மொழிக்கு உலகத்தில் வேறெந்த மொழியோடும் உறவு கிடையாது. இந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் இருப்பதைப் போல இத்தனை வகை புரூக்மான்சியா வேறெங்கும் இல்லை என்று தாவரவியலாளர்களை எழுத வைத்தவர்கள் இவர்கள்தான். ஹார்வர்டிலிருந்து ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1940களில் இங்கே வந்தார். இலை நாடா போல ஒடுங்கி, பூ கிழிந்து தொங்கும் ஒரு செடியைப் பார்த்துவிட்டு, இது தனிப் பேரினமே என்று 1955இல் புதுப் பெயர் சூட்டினார். பிற்பாடு பார்த்தால் அதுவும் புரூக்மான்சியாதான், உருமாறி நின்ற ஒரு வகை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது முன்பே தெரியும். அவர்கள் அதைக் குலேப்ரா பொர்ராச்செரோ, அதாவது பாம்புச் செடி என்றார்கள்.

கயலுக்குத் தெரிந்தவர் வழியாக ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போனோம். வீட்டைச் சுற்றி அவர்கள் வைத்திருப்பதைத் தோட்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. சோளத்தின் மேல் அவரை ஏறியிருக்கிறது, அவரைக்குக் கீழே கிழங்கு, கிழங்குக்கு நடுவே மருந்துச் செடி, கோழி, கினிப்பன்றிக் கூண்டு. காமென்ட்சா மொழியில் இதற்கு ஹஹாஞ் என்று பெயர். அதன் ஓரத்தில், மற்ற செடிகளிலிருந்து கொஞ்சம் விலகி, ஏழெட்டு பொர்ராச்செரோக்கள் நின்றன.

அவர் கையால் தொடாமல் மோவாயால் சுட்டிச் சுட்டிப் பெயர் சொன்னார். இது கிந்தே, ஹம்மிங் பறவை. இது முன்சீரா, புழு. இலையைப் பார்த்தால் புழு அரித்த மாதிரியே ஓரம் பிய்ந்திருக்கிறது, ஆனால் எந்தப் புழுவும் அரிக்கவில்லை, முளைக்கும்போதே அப்படித்தான். இது பியாங்கான். முன்பெல்லாம் வேட்டை நாய்க்குக் கொடுப்பார்களாம், மோப்பம் கூர்மையாக. அது அவருடைய தாத்தா வைத்தது. தாத்தா தாய்த்தா, அதாவது வைத்தியர். வைத்தியரின் செடியை வேறொருவர் கிள்ளக்கூடாது. அவர் இறந்து நாற்பது வருடம் ஆகியும் அவருடைய மகள்வழிப் பேத்தி கிள்ளுவதில்லை. முழங்கால் வலிக்கு இலையை வாட்டி வைத்துக் கட்டுவதற்கு மட்டும், வேலியோரம் நிற்கிற சாதாரண வெள்ளையிலிருந்து எடுத்துக்கொள்கிறார். ஊமத்தை இலையை வாட்டி வீக்கத்துக்கு ஒற்றடம் கொடுப்போமே என்று நான் சொன்னதைக் கயல் மொழிபெயர்த்தாள். அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு இருவரும் சிரித்தோம்.

புதுச் செடி எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். விதை போட்டா?

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. கயல் இரண்டாம் முறையும் கேட்டாள். அவர் உள்ளே போய், அரையடி நீளத்துக்கு ஒரு தண்டைக் கொண்டுவந்து காட்டினார். போத்து! முருங்கைக்கும் கிளுவைக்கும் நாம் வெட்டி நடுகிற அதே போத்து. ஈரத்தில் குத்தி வைத்தால் பிடித்துக்கொள்ளும். விதையிலிருந்து முளைத்தால் அம்மா மாதிரியே பிள்ளை இருக்கும் என்று உறுதியில்லை. போத்தில் முளைத்தால் அதே செடிதான். அப்படியானால் தாத்தாவின் பியாங்கான் தாத்தா காலத்துச் செடி மட்டும் இல்லை, அவருடைய தாத்தாவின் செடியும்தான். வெட்டி வெட்டி, நட்டு நட்டு, கை மாறி வந்த ஒரே உடம்பு. தனிப் பேரினம் என்று ஷுல்ட்ஸ் மயங்கிய பாம்புச் செடியும் இப்படித்தான் பிழைத்திருக்கிறது. காட்டில் அப்படியொன்று முளைத்திருந்தால் அடுத்த மழைக்குத் தாங்கியிருக்காது.

கடைசியாக, காட்டில் இதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"பார்த்திருக்கிறேன். ஓடை ஏறிப் போனால் மேலே ஒன்று நிற்கிறது. மஞ்சள்."

யாரும் நடாததா?

"அதை நான் எப்படிச் சொல்வது" என்றார். "பேரன் கூட்டிப்போவான்."

எட்டாம் நாள்

ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். பேரனுக்குப் பதினாறு வயது இருக்கும், ரப்பர் பூட்ஸ். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்கள். இடது காலுக்குக் கொஞ்சம் பெரிது.

ஓடையோடு ஏறினோம். ஒரு மணி நேரத்தில் மேய்ச்சல் நிலம் முடிந்து காடு தொடங்கியது. மேகக்காடு என்பார்கள், மழை பெய்யாமலே எல்லாம் சொட்டும். மரப்பெரணி, கொடி மூங்கில், கிளைக்குக் கிளை தொற்றிக்கொண்ட அன்னாசிக் குடும்பச் செடிகள். வெள்ளி இலை செக்ரோப்பியா மரங்கள் தூரத்து மலையில் பூத்த மாதிரி தெரிந்தன. ஃபுக்சியா ஒன்று, காட்டிலேயே, யாரும் நடாமல், சிவப்பாகத் தொங்கியது. கொடைக்கானல் வீட்டுத் தொட்டிகளில் அதையும் வளர்க்கிறோம். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை ஏறிவிட்டது. இது இருக்கும்போது அது ஏன் இருக்கக்கூடாது?

பையன் நின்றான். கையைக் காட்டினான்.

ஓடை வளைவில், ஈரப் பாறைக்கு மேலே, பதினைந்து அடி உயரத்துக்கு ஒரு மரம். நூற்றுக்கணக்கில் மஞ்சள் பூக்கள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொன்றும் உள்ளிருந்து எரிகிற மாதிரி இருந்தது. சுற்றிலும் காடு. வேலி இல்லை, சுவர் இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கயல் படமெடுத்தாள். நான் எடுக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்துத்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மரத்துக்குப் பின்னால், புதருக்குள், ஒரு பீச் மரம். பீச் இந்த நாட்டு மரமே இல்லை. அதற்கடியில் பாசி படிந்த மூன்று கற்கள். மூன்றும் சம உயரம், முக்கோணமாக. யார் பார்த்தாலும் அடுப்பு என்பார்கள். நம் ஊரில் பொங்கலுக்கு வைக்கிற மாதிரியேதான்.

பையனிடம் கயல் கேட்டாள். ஆமாம், இங்கே ஒரு வீடு இருந்ததாம். பாட்டியின் பாட்டி காலத்தில். பிறகு கீழே இறங்கிவிட்டார்கள்.

மரத்தடியைத் துழாவினேன், கையுறை போட்டுக்கொண்டுதான். கறுத்துச் சுருங்கிய பழைய காய்கள் நாலைந்து கிடைத்தன. உடைத்தால் உள்ளே விதை உளுத்துப்போயிருந்தது. ஒரு நாற்றுகூட இல்லை. எத்தனை வருடம் நின்று, எத்தனை ஆயிரம் பூ பூத்து, பறவையும் பூச்சியும் அவற்றின் வேலையைச் செய்திருந்தால்கூட, மரம் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. வீட்டுக்காரி வாசலில் குத்தி வைத்த போத்து அது. அவள் வருவாள் என்று நிற்கிற மாதிரி இருந்தது. இப்படியெல்லாம் செடியைப் பற்றி எழுதக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். சரி, இன்றைக்கு மட்டும்.

இறங்கும்போது மழை பிடித்தது. பூட்ஸ் கழன்று ஓடையில் போய், பையன் குதித்து எடுத்துவந்தான்.

பத்தாம் நாள், மீண்டும் போகோட்டா

ஒன்பதாம் நாள் முழுக்கப் பயணம், எழுத ஒன்றும் இல்லை.

இன்று ஓர் அருங்காட்சியகத்தில் மாஸ்டோடனின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தோம். யானையின் பழைய உறவு. ஒரு பல் மட்டும் இரண்டு கை சேர்த்துத் தூக்குகிற அளவு இருந்தது. போகோட்டாவுக்குத் தெற்கே சோவாச்சாவில் இந்த எலும்புகள் குவிந்து கிடக்கும் இடத்துக்கு அரக்கர் வயல் என்று பெயர். ஹம்போல்ட் அங்கேயும் போய் எலும்பு பொறுக்கியிருக்கிறார். வடக்கே திபித்தோ என்ற இடத்தில், இந்த யானைகளின் எலும்போடு மனிதர்களின் கல் கருவிகளும் சேர்ந்தே கிடைத்தன. சுமார் 11,700 வருடத்துக்கு முன்பு, கடைசி யானைகளை அறுத்துத் தின்றவர்கள்.

வெடிக்காத காய், முள் இல்லாத காய். பாடம் நடத்தும்போது வேறுபாடு என்று பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது யாருக்காக அப்படி இருக்கிறது என்று ஒரு மாணவன்கூடக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. தானாக வெடிக்காத காய்க்கு, அதை விழுங்கி வேறிடத்தில் சாணமாகப் போட ஒரு பெரிய வாய் வேண்டும். இன்று உயிரோடு இருக்கும் எந்த விலங்கும் இதைத் தின்று விதை பரப்புவதை யாரும் கண்டதில்லை. தென்னமெரிக்காவின் யானைகளும் எருமையளவு தரைவாழ் ஸ்லாத் விலங்குகளும் அழிந்தபோது விதையைச் சுமக்கிறவர் போய்விட்டார் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். கருத்துதான், நிரூபணம் இல்லை. ஆனால் அந்தப் பல்லுக்கு முன்னால் நின்றபோது, ஓடை வளைவில் கிடந்த கறுத்த காய்கள்தான் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்ப் பூங்காவில் நகராட்சி ஆட்கள் செடியைக் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். வெட்டிய கிளைகள் நடைபாதையில் குவிந்து கிடந்தன, சில பூக்கள் இன்னும் வாடவில்லை. காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் வந்தார். குவியலைக் காலால் கிளறி, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்தார். வேலையாள் ஒன்றும் கேட்காமல் கத்தியால் இலைகளைக் கழித்து, அரையடியாக நறுக்கிக் கொடுத்தார். பஸ் வந்துவிட்டது. அந்த அம்மாளுக்குப் பயண அட்டை பைக்குள் எங்கோ அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் தண்டை நீட்டி, "பிடியுங்கள்" என்ற மாதிரி ஏதோ சொன்னார். பிடித்துக்கொண்டேன். அட்டை கிடைத்ததும் வாங்கிச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு ஏறினார், பஸ் தெற்குப் பக்கம் போயிற்று.

கை பிசுபிசுவென்று இருந்தது. கண்ணருகில் கொண்டுபோகாமல், இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடியே மூன்று மாடி ஏறினேன். கயல் கதவைத் திறந்தவுடன் என் கையைத்தான் பார்த்தாள். சோப்பு எடுக்கப் போயிருக்கிறாள்.